கோடைத் தோட்டமும் ஊறுகாய் ஜாடியும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – வேதியியல்)

கோடை என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருபவை விடுமுறையும் வெயிலும்தாம். எங்கள் வீட்டிலோ கோடை என்பது மழைக்காலத்துக்கு உணவு சேர்க்கும் காலம் ஆகும். என் தந்தையார் கட்டட வேலைக்குச் செல்பவர். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலை நின்றுவிடும். அந்நாட்களில் காய் வாங்கப் பணம் இராது. சித்திரையிலும் வைகாசியிலும் போட்டுவைத்த ஊறுகாயும் வற்றலும்தாம் அப்போது எங்களுக்குக் குழம்பும் பொரியலும். ஆகவே, எங்கள் வீட்டில் ஓர் ஊறுகாய் ஜாடி கெட்டுப்போவது சிறிய செய்தி அன்று. அப்படி ஒரு ஜாடியை நான் கெடுத்தேன். அதிலிருந்து நான் கற்றதைச் சக மாணவ மாணவியரோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வெயிலில் ஒரு தோட்டம்

கோடை நாட்களின் வானிலைச் செய்திகளில் கரூர் பரமத்தி என்ற பெயரை நீங்கள் கேட்டிருப்பீர்கள். 40 பாகை செல்சியசைத் தாண்டிய இடங்களின் பட்டியலில் அது தவறாமல் இடம்பெறும். எங்கள் சிற்றூர் அதற்கு அருகில் உள்ளது. வீட்டின் பின்புறம் ஒன்றரை சென்ட் நிலம். கோடையில் குடத்துக் கணக்கில்தான் தண்ணீர். இந்நிலையில் எந்தச் செடி வளரும், எது வளராது என்பதை அம்மா அனுபவத்தால் அறிந்திருந்தார். அதன் காரணங்களைத் துணைப்பாடமான தாவரவியல் எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

தக்காளியை அம்மா கோடையில் நடமாட்டார். 'பூக்கும், காய்க்காது' என்பார். பகல் வெப்பம் 35 பாகையைத் தாண்டி, இரவும் குளிராமல் இருந்தால் தக்காளியின் மகரந்தம் வலிமை இழக்கிறது. கருவுறாத பூ உதிர்ந்துவிடுகிறது. ஆனால், வெண்டையும் கொத்தவரையும் வெயிலைத் தாங்கும். இரண்டும் விதைத்த ஏழெட்டு வாரங்களில் பறிப்புக்கு வந்துவிடும். கொத்தவரை பயறு வகைக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உணவாக்கித் தருவதால் உரச் செலவும் குறைவு.

தண்டுக்கீரை வெயிலிலும் செழிப்பது எனக்கு வியப்பாக இருந்தது. கீரை வகையைச் சேர்ந்த இத்தாவரங்கள் சி–4 என்னும் ஒளிச்சேர்க்கை முறையைக் கொண்டவை. கரியமில வாயுவைத் திறம்படப் பிடித்துக்கொள்வதால் இவை இலைத்துளைகளை அதிகம் திறந்துவைக்க வேண்டியதில்லை. ஆகவே, குறைந்த நீர் இழப்பில் மிகுந்த வளர்ச்சி பெறுகின்றன. விதைத்து நான்கு வாரங்களில் ஒரு பிடி கீரை கிடைப்பது இதனால்தான். வேலியோரம் ஒரு சுண்டைச் செடியும் கிணற்றடியில் ஒரு முருங்கையும் உண்டு. எங்கள் மாவட்டத்து அரவக்குறிச்சிப் பகுதி முருங்கைக்குப் பெயர் பெற்றது என்பதை நாம் அறிவோம்.

நீரைக் காப்பதற்கு மூன்று வழிகளைப் பின்பற்றுகிறோம். முதலாவது, பொழுது சாய்ந்த பின்னரே நீர் ஊற்றுவது. பகலில் ஊற்றினால் பெரும்பகுதி ஆவியாகிவிடும். இரண்டாவது, செடியின் அடியில் காய்ந்த இலை, கடலைத் தோல், தேங்காய் மட்டை ஆகியவற்றால் மூடாக்கு இடுவது. இதனால் மண் சூடேறுவதும் காய்வதும் குறையும். மூன்றாவது, பானைப் பாசனம். பழைய மண்பானையைக் கழுத்தளவு புதைத்து நீர் நிரப்பி மூடிவிட்டால், அதன் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து வேரைச் சேரும்.

அரிசி கழுவிய நீரைச் செடிக்கு ஊற்றலாம். ஆனால், உப்புப் பாத்திரம் கழுவிய நீரை ஊற்றலாகாது. ஒருமுறை என் தங்கை மாவடு ஜாடியைக் கழுவி, அந்த நீரைக் கத்தரிச் செடிக்கு ஊற்றிவிட்டாள். இரண்டு நாட்களில் செடி வாடியது. மண்ணில் உப்பு மிகுந்தால் வேர் நீரை உறிஞ்ச முடியாது. உப்பு மேலும் மிகுந்தால் வேரிலுள்ள நீரே வெளியேறும். இதையே சவ்வூடு பரவல் என்று பாடத்தில் படிக்கிறோம். செடியைக் கொல்லும் இதே நிகழ்ச்சிதான் ஊறுகாயைக் காக்கிறது என்பதை அப்போது நான் எண்ணிப் பார்க்கவில்லை.

நான் செய்த பிழை

பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபின் ஓராண்டு நான் வேலைக்குச் சென்றேன். பிறகுதான் கல்லூரியில் சேர இடம் கிடைத்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். சேர்வதற்குச் சற்று முன்பு, அப்பாவுக்கு இரத்த அழுத்தம் கூடியிருப்பதாகவும் உப்பைக் குறைக்க வேண்டும் என்றும் மருத்துவர் கூறினார். வீட்டில் படித்தவள் நான் அல்லவா? உடனே செயலில் இறங்கினேன்.

அது வைகாசி மாதம். அம்மா மாங்காய் ஊறுகாய் போட ஆயத்தமாக இருந்தார். அவருடைய கணக்கு எளிது. படித் துண்டுக்கு ஓர் ஆழாக்குக் கல்லுப்பு. நான் அதை அரை ஆழாக்காகக் குறைக்கச் சொன்னேன். "நிக்காது கண்ணு" என்றார் அம்மா. நான் கேட்கவில்லை. கழுவிய துண்டுகளை வெயிலில் உலர்த்துவதும் வீண் வேலை என்று கூறி, துணியால் துடைத்துவிட்டுப் போட்டேன். ஆறு படி ஊறுகாய்.

ஐந்தாம் வாரம் ஜாடியைத் திறந்தபோது மேலே வெள்ளையும் பச்சையுமாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. அப்பத்தா எட்டிப் பார்த்தார். "தூரமாயிருக்கறப்ப ஜாடியத் தொட்டிருப்பா. அதான் பூத்துப் போச்சு" என்றார். மாதவிலக்கு நாட்களில் பெண்கள் ஊறுகாய் ஜாடியைத் தொட்டால் ஊறுகாய் கெட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. இதைக் கல்லூரி மலரில் எழுதலாமா என்று தயங்கினேன். ஆனால், இதை மறைத்துவிட்டால் இக்கட்டுரையில் பாதி இல்லாமற் போகும். அப்பத்தா சொன்னது உண்மைதான். அந்த நாட்களில் ஒருநாள் நான் ஜாடியைத் தொட்டிருந்தேன். ஆகவே, என்னால் மறுத்துப் பேச இயலவில்லை. உப்பைக் குறைத்ததால் கெட்டதா, நான் தொட்டதால் கெட்டதா என்று எனக்கே உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை.

மேலே படர்ந்ததை வழித்துவிட்டு மீதியை வைத்துக்கொள்ளலாமா என்று அம்மா கேட்டார். கல்லூரி வகுப்புகள் அப்போதுதான் தொடங்கியிருந்தன. தாவரவியல் விரிவுரையாளரிடம் கேட்டேன். பூஞ்சையின் இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இறங்கியிருக்கும், சில பூஞ்சைகள் நச்சுப் பொருளையும் உண்டாக்கும், ஆகவே உண்ணக்கூடாது என்று அவர் விளக்கினார். ஆறு படியையும் குழி தோண்டிப் புதைத்தோம். அம்மா ஜாடியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, "போச்சாது உடு கண்ணு" என்றார். அந்தக் கார்த்திகையில் நாங்கள் பல நாட்கள் பழைய சோற்றுக்கு வெங்காயத்தையும் பச்சை மிளகாயையும் மட்டுமே கடித்துக்கொண்டோம். எவரும் என்னைக் குறை கூறவில்லை. அதுவே எனக்கு மிகுந்த வேதனையாக இருந்தது.

ஆழாக்கின் எடை

அம்மாவின் அளவில் என்ன இருக்கிறது என்று அறிய விரும்பினேன். அந்த ஆழாக்கைக் கொண்டுவந்து, ஆசிரியரின் அனுமதியோடு, நம் ஆய்வகத் தராசில் கல்லுப்பை நிறுத்தேன். 230 கிராம் இருந்தது. ஒரு படி மாங்காய்த் துண்டை ஊர்க் கடையில் நிறுத்தபோது 950 கிராம். மொத்த எடையில் உப்பு ஏறத்தாழ 19.5 விழுக்காடு. நான் போட்ட அரை ஆழாக்கோ 11 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம்? நுண்ணுயிர்கள் வளர நீர் தேவை. ஆனால், ஒரு பொருளில் நீர் இருந்தால் மட்டும் போதாது. அந்நீர் அவற்றுக்குப் பயன்படும் நிலையில் இருக்க வேண்டும். உப்பு கரைந்ததும் நீர் மூலக்கூறுகள் உப்பின் அயனிகளால் பிணைக்கப்படுகின்றன. எஞ்சிப் பயன்படக்கூடிய நீரின் அளவை 'நீர்ச் செயற்பாடு' என்ற எண்ணால் குறிக்கிறார்கள். தூய நீருக்கு அது 1. உப்பு மேலும் கரையாத அளவுக்குச் செறிந்த கரைசலில் அது 0.75. கெடுக்கும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை 0.91-க்குக் கீழே வளர்வதில்லை. பெரும்பாலான ஈஸ்ட்டுகள் 0.88-க்குக் கீழும், பெரும்பாலான பூஞ்சைகள் 0.80-க்குக் கீழும் வளர்வதில்லை.

மாங்காயில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நீர். ஆகவே, 950 கிராம் துண்டில் 780 கிராம் அளவுக்கு நீர் இருக்கும் என்று கொள்ளலாம். அதில் 230 கிராம் உப்பு கரைந்தால் நீர்ச் செயற்பாடு 0.81 அளவுக்கு இறங்கும். பாதி உப்பானால் 0.91 அளவிலேயே நின்றுவிடும். முன்னது பூஞ்சைக்குக்கூடக் கடினமான இடம். பின்னது ஈஸ்ட்டும் பூஞ்சையும் கவலையின்றி வாழும் இடம். எஞ்சியிருந்த சிறு இடைவெளியையும் அம்மாவின் வெயில் அடைத்துவிடுகிறது. துண்டுகளை உலர்த்தும்போது நீரின் அளவே குறைந்து, அதே உப்பு இன்னும் செறிவடைகிறது. நான் வீண் வேலை என்று தள்ளியது இதைத்தான்.

மற்ற பொருள்களுக்கும் வேலை உண்டு. மாங்காயின் புளிப்பு பாக்டீரியாக்களைத் தடுக்கிறது. பி.எச். அளவு 4.6-க்குக் கீழே இருந்தால் கொடிய நஞ்சை உண்டாக்கும் கிளாஸ்டிரிடியம் பாட்டுலினம் வளராது. எனவேதான், புளிப்பில்லாத பூண்டையோ காய்களையோ ஊறுகாய் போடும்போது புளியோ எலுமிச்சைச் சாறோ தாராளமாகச் சேர்க்க வேண்டும். எண்ணெயை மட்டும் நம்பி வைத்துவிடக் கூடாது. கடுகை அரைக்கும்போது வெளிப்படும் அல்லைல் ஐசோதயோசயனேட் நுண்ணுயிர்களுக்குப் பகை. மேலே நிற்கும் நல்லெண்ணெய் காற்றைத் தடுப்பதால் பூஞ்சைக்கு ஆக்சிஜன் கிடைப்பதில்லை. அலுமினியம், பித்தளைப் பாத்திரங்களை அமிலமும் உப்பும் அரித்துவிடும் என்பதால்தான் பீங்கான் ஜாடி வந்தது.

உப்பு இத்துணை இன்றியமையாதது என்பதை எண்ணும்போது, 1930-இல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யம் வரை மக்கள் ஏன் நடந்தார்கள் என்பது விளங்குகிறது. உப்பின் மீது விதித்த வரி, ஏழையின் ஊறுகாய் ஜாடியின் மீதும் விதித்த வரியே அல்லவா?

இரண்டு பாட்டில்கள்

காரணம் விளங்கிவிட்டது. ஆயினும், அப்பத்தாவின் கூற்றுக்குக் கணக்கால் விடை சொல்ல முடியாது. ஒரு சோதனையில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும், மற்றவை யாவும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று முதலாண்டிலேயே நமக்குக் கற்பிக்கப்படுகிறது. நானோ முதலில் உப்பையும் குறைத்து, உலர்த்துவதையும் விட்டு, விலக்கு நாளில் ஜாடியையும் தொட்டிருந்தேன். மூன்றையும் ஒருசேர மாற்றிவிட்டு எதனால் கெட்டது என்று எப்படிச் சொல்வது?

முதலாண்டு முடிந்த கோடையில் அம்மாவிடம் இரண்டு படித் துண்டு மட்டும் கேட்டு வாங்கினேன். பெரிய ஜாடியை அம்மாவே போட்டார். மீண்டும் அதில் கைவைக்க எனக்குத் துணிவில்லை. ஒரே மரத்து மாங்காய். ஒரே நாளில் நறுக்கி, ஒரே பாயில் உலர்த்தினேன். மிளகாய்த்தூள், வெந்தயம், பெருங்காயம், நல்லெண்ணெய் யாவும் சம அளவு. ஒரு கண்ணாடிப் பாட்டிலில் முழு ஆழாக்கு உப்பு. மற்றதில் அரை ஆழாக்கு. இரண்டையும் நான் ஒருத்தியே கிளறினேன். விலக்கு நாட்களில் தவறாமல் இரண்டையும் தொட்டேன். அப்பத்தாவிடமும் அதை மறைக்கவில்லை. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தேதி வாரியாகக் குறிப்பேட்டில் எழுதிவந்தேன்.

எட்டாம் வாரம் அரை உப்புப் பாட்டிலில் வெள்ளைப் புள்ளிகள் தோன்றின. துண்டுகள் உலர்ந்திருந்ததால் முதலாண்டைவிட மூன்று வாரம் தாமதமாயிற்று போலும். முழு உப்புப் பாட்டில் ஆவணி, ஐப்பசி கடந்து, இதை எழுதும் தை மாதத்திலும் நிறமும் மணமும் மாறாமல் இருக்கிறது. இரண்டையும் தொட்டது ஒரே கைதான். ஒரே ஒரு சோதனையால் எல்லாவற்றையும் நிறுவிவிட முடியாது. இன்னும் பல பாட்டில்களில் செய்து பார்க்க வேண்டும் என்பதை அறிவேன். என்றாலும், கை காரணம் என்றால் இரண்டும் கெட்டிருக்க வேண்டும் என்பதில் ஐயமில்லை.

கார்த்திகையில் ஒருநாள் அப்பத்தா இரண்டு பாட்டில்களையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பூத்ததைக் கீழே வைத்தார். நல்லதில் ஒரு துண்டை வாயிலிட்டுக்கொண்டார். "உப்புத்தான் கண்ணு பத்தாமப் போயிருக்குது" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. மறுமாதம் விலக்கு நாளில் நான் ஒதுங்கி அமர்ந்திருந்தபோது, "ஊறுகா எடுத்துட்டு வா புள்ள" என்று என்னைத்தான் அழைத்தார்.

அப்பாவுக்கு என்ன வழி?

அப்பாவின் உப்புக்கு விடை ஊறுகாயின் அளவைக் குறைப்பதுதான். ஊறுகாயிலுள்ள உப்பைக் குறைப்பது அன்று. ஒரு நாளைக்கு ஒருவர் 5 கிராமுக்குக் குறைவாகவே உப்புக் கொள்ள வேண்டும் என்று உலக நல நிறுவனம் கூறுகிறது. எங்கள் ஊறுகாயில் 15 கிராம் உண்டால், அதிலேயே 3 கிராம் உப்புச் சேர்ந்துவிடும். ஆகவே, அப்பாவுக்கு இப்போது நகத்தளவு துண்டுதான்.

அந்த இடத்தைத் தோட்டம் நிரப்புகிறது. கீரை, வெண்டை, முருங்கையிலை ஆகியவை கோடையிலும் கிடைக்கின்றன. மழைக்காலத்துக்காகக் கொத்தவரையையும் கத்தரியையும் உப்பிடாமலேயே வற்றலாக்கி வைக்கிறோம். எங்கள் ஊர் வெயிலில் மூன்று நான்கு நாட்களில் அவை ஒடித்தால் ஒடியும் பதத்துக்குக் காய்ந்துவிடும். அந்தப் பதம் வந்தபின் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்தால் உப்பு இல்லாமலும் நிற்கும். நீரை உப்பால் பிணைப்பது ஒரு வழி. வெயிலால் நீக்குவது மற்றொரு வழி. சுண்டையையும் மிளகாயையும் மட்டும் உப்பிட்ட மோரில் ஊறவைத்துக் காயவைக்கிறோம். அங்கே மோரின் லாக்டிக் அமிலமும் துணைசெய்கிறது. பால் புளிப்பதற்கு நுண்ணுயிர்களே காரணம் என்று லூயி பாஸ்டர் 1857-இல் எடுத்துக்காட்டுவதற்கு நெடுங்காலம் முன்பே மோரைப் பயன்படுத்தி வந்தவர்கள் நம் பாட்டிமார்கள்.

முடிவுரை

முன்னோர் சொன்னவை யாவும் அறிவியலே என்று சிலர் கூறுகிறார்கள். அவை யாவும் மூடநம்பிக்கையே என்று வேறு சிலர் கூறுகிறார்கள். எங்கள் வீட்டு ஜாடி இரண்டையும் மறுத்துவிட்டது. ஈரக் கரண்டி படலாகாது என்பதும் படிக்கு ஓர் ஆழாக்கு உப்பு என்பதும் உண்மை. விலக்கு நாளில் தொடலாகாது என்பது உண்மை அன்று. இவ்விரண்டும் ஒரே அடுப்படியில், ஒரே வாயால், ஒரே உறுதியோடு சொல்லப்பட்டவை. எது எது என்று பிரித்தறிய ஒரே வழி, செய்து பார்ப்பதுதான். படித்தவள் என்ற எண்ணத்தில் நான் செய்து பார்க்காமலே சொன்ன சொல்லும் அப்பத்தாவின் சொல்லைப் போலவே பொய்த்துப்போனது.

நண்பர்களே! நம்மில் பலர் நம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். நாம் வீட்டில் ஒன்றைச் சொன்னால், 'படித்த பிள்ளை சொல்கிறது' என்று கேட்டுக்கொள்கிறார்கள். நட்டத்தையும் வாய் திறவாமல் தாங்கிக்கொள்கிறார்கள். அந்த நம்பிக்கைக்கு நாம் கடன்பட்டவர்கள். ஆறு படியில் செய்யும் முன் ஒரு படியில் செய்து பார்ப்போம். அம்மாவின் அளவை மாற்றும் முன் அதை ஒருமுறை நிறுத்துப் பார்ப்போம். வரும் சித்திரையில் பெரிய ஜாடியை நான் போட வேண்டும் என்று அம்மா சொல்லியிருக்கிறார். ஆழாக்கைத் துடைத்து எடுத்து வைத்திருக்கிறேன்.